சுங்கை சிப்புட்டிலிருந்து குடும்பப் பயணம்: உள்நாட்டு விமானத்தில் பிசினஸ் அப்கிரேட் எடுக்கலாமா?

பால்மரம்77 (கேள்வி)

வணக்கம். நாங்கள் மலேசியா, பேராக், சுங்கை சிப்புட். ஐந்து பேர் பயணம்: அப்பா 71, அம்மா 66, நான், வீட்டுக்காரி, 9 வயதுப் பையன். பள்ளி லீவில் நாலு நாள் லங்காவி போவதாகப் பேச்சு. அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர்கள். இரண்டு பேரும் இதுவரை விமானம் ஏறியதில்லை. முதல் தடவையே முன்னால் உள்ள பெரிய சீட்டில் உட்கார வைக்கலாம் என்று யோசனை.

கேஎல்ஐஏயிலிருந்து (கோலாலம்பூர் விமான நிலையம்) மலேசியா ஏர்லைன்ஸ் எகானமி டிக்கெட் எடுத்துவிட்டு, பிறகு ஏலம் கேட்டு பிசினஸுக்கு மாறலாம் என்கிறார்கள். அது எப்படி நடக்கிறது? எவ்வளவு கேட்டால் விழும்? ஐந்து பேருக்கும் போட வேண்டுமா, இரண்டு பேருக்கு மட்டும் போடலாமா? அப்பாவுக்கு முட்டி வலி. ரொம்ப தூரம் நடக்க மாட்டார், படி ஏறுவது அதைவிடச் சிரமம். அம்மா சனிக்கிழமை சைவம், புறப்படுவதும் சனிக்கிழமைதான். ஏர் ஏசியாவில் ஹாட் சீட் போட்டாலே போதும் என்று மச்சான் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரும்புப்பாதை

ஏலத்தை அப்புறம் பார்க்கலாம் தம்பி. முதலில் வரைபடத்தைப் பாருங்கள். லங்காவி உங்களுக்கு வடக்கே. கேஎல்ஐஏ தெற்கே, ஏறக்குறைய 280 கிலோமீட்டர். தெற்கே அவ்வளவு தூரம் போய், விமானம் ஏறி, சொந்த ஊர்ப் பக்கமாகவே மறுபடி வடக்கே பறக்கிறீர்கள். லங்காவிதான் போக வேண்டும் என்றால் கோலக் கெடாவுக்குக் காரை விடுங்கள். அங்கிருந்து பெர்ரி ஒன்றே முக்கால் மணி நேரம். மிச்சமாகும் காசில் நல்ல ஹோட்டல் அறை கிடைக்கும்.

சரி, ஆசை லங்காவி இல்லை, பெரிய சீட்டுதான் என்றால் கேள்வியே மாறிவிடுகிறது. கேஎல் - லங்காவி நேர அட்டவணையில் ஒரு மணி சொச்சம் என்று போட்டிருக்கும். அது கேட்டிலிருந்து கேட் வரை. ஓடுபாதைக்குப் போய்ச் சேரவே பத்துப் பதினைந்து நிமிடம். ஏறும்போது பெல்ட் விளக்கு எரியும், இறங்கத் தொடங்கியதும் மறுபடி எரியும். நடுவில் பணிப்பெண்கள் தட்டைக் கொண்டுவந்து, பிறகு எடுத்துப் போவதற்குக் கிடைப்பது 25, 30 நிமிடம். பினாங்கு என்றால் அதிலும் குறைவு. அப்பா சாப்பாட்டு மூடியைத் திறப்பதற்குள் "தட்டை எடுக்கலாமா" என்று வந்து நிற்பார்கள்.

உள்நாட்டில் அந்தச் சீட்டை அனுபவிக்க நேரம் கிடைக்கும் வழித்தடம் சபாவில் உள்ள கோத்தா கினபாலுதான், இரண்டரை மணிக்கு மேல். கூச்சிங் ஒன்றே முக்கால் மணி அளவு, அதுவும் பரவாயில்லை. நாலு நாள் லீவு கினபாலுவுக்குப் போதும்.

கேஎல்ஐஏ போகும் வழி: சுங்கை சிப்புட் ஸ்டேஷனிலேயே இடிஎஸ் ரயில் நிற்கிறது. கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் அதே கட்டடத்தில் கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ், டெர்மினல் 1க்கு 28 நிமிடம். பெரியவர் ஒருவருக்கு ஒருவழி 55 வெள்ளி (ரிங்கிட்), நாலு பெரியவருக்கே 220 ஆகிவிடும். ஐந்து பேர், பெட்டி, முட்டி வலி என்றால் கேஎல் சென்ட்ரலிலிருந்து ஆறு பேர் கார் ஒன்று பிடிப்பதே லாபம். காலை ஏழு மணி பிளைட்டைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். முதல் நாள் இரவே கேஎல் வந்து தங்க வேண்டிவரும், மலிவு டிக்கெட்டின் மலிவெல்லாம் அந்த அறை வாடகையில் போய்விடும்.

டிக்கெட்மேசை

வழித்தடத்தைப் பற்றி மேலே சொன்னது சரி. ஏலம் பற்றி நான் சொல்கிறேன்.

மலேசியா ஏர்லைன்ஸ் இதை எம்எச்அப்கிரேட் என்ற பெயரில் நடத்துகிறது. எகானமி டிக்கெட் கையில் இருக்க வேண்டும். முன்பதிவு எண்ணையும் குடும்பப் பெயரையும் போட்டால் உங்கள் பிளைட்டுக்கு ஏலம் உண்டா என்று பக்கம் காட்டும். உண்டு என்றால் ஒரு பட்டை வரும், இடது கோடியில் குறைந்தபட்சத் தொகை, வலது கோடியில் அதிகபட்சம். நகர்த்த நகர்த்த 'வாய்ப்பு குறைவு', 'வாய்ப்பு அதிகம்' என்று முள் ஆடும். அந்த முள்ளை நம்பிப் பணத்தைக் கூட்டாதீர்கள். எத்தனை காலி சீட் இருக்கிறது, எத்தனை பேர் போட்டி போடுகிறார்கள் என்று அது சொல்வதில்லை.

கவனிக்க வேண்டியது, திரையில் தெரியும் தொகை ஒரு ஆளுக்கு, ஒரு பறப்புக்கு. இரண்டு பேர் போகவரப் போட்டால் நாலால் பெருக்க வேண்டும். கார்டு விவரம் அப்போதே வாங்கிக்கொள்வார்கள், ஆனால் ஏலம் விழுந்தால்தான் பணம் எடுப்பார்கள். முடிவு புறப்பாட்டுக்குச் சற்று முன்புதான் ஈமெயிலில் வரும். விழுந்த பிறகு 'வேண்டாம்' என்றால் பணம் திரும்பாது. அந்த நேரத்தில் கார்டில் வரம்பு இல்லாமல் போனால் சீட் அடுத்த ஆளுக்குப் போய்விடும். டெபிட் கார்டு போட்டிருந்தால் அந்த இரண்டு மூன்று நாள் கணக்கில் பணம் இருக்கட்டும்.

ஐந்து பேரா, இரண்டு பேரா என்பதுதான் உங்கள் கேள்வியிலேயே முக்கியமானது. ஒரே முன்பதிவில் ஐந்து பேரையும் போட்டால் ஏலம் ஐந்து பேருக்கும் சேர்த்துத்தான் போகும். அதில் இரண்டு பேரை மட்டும் பிரித்து ஏற்ற முடியாது. அதனால் டிக்கெட் வாங்கும்போதே பெரியவர்கள் இருவருக்கும் ஒரு முன்பதிவு, உங்கள் மூவருக்கும் இன்னொன்று என்று வாங்குங்கள். பிறகு கால் சென்டரைக் கூப்பிட்டு இரண்டு எண்ணையும் ஒன்றோடொன்று குறிப்பில் இணைக்கச் சொல்லுங்கள். இணைக்காவிட்டால் பிளைட் ரத்தாகும் நாளில் கணினி பெரியவர்களை மதியப் பிளைட்டிலும் உங்களை இரவுப் பிளைட்டிலும் போட்டுவிடும். கணினிக்கு அப்பா மகன் உறவு தெரியாது.

போட்டி என்று பார்த்தால், இந்தத் தடங்களில் பறக்கும் 737-800இல் பிசினஸ் சீட் 16 அல்லது 12. புதிய 737-8இல் 12. அவ்வளவுதான் மொத்தமே. வெள்ளி மாலை, லீவு தொடங்கும் முதல் சனி, பெருநாளுக்கு முந்தின நாள் என்றால் பெரும்பகுதி முழு விலைக்கே போய்விடும், ஏலத்துக்கு மிச்சம் இருக்காது. செவ்வாய், புதன் மதியம் பாருங்கள். அலுவலக ஆட்கள் காலையிலும் மாலையிலும்தான் பறப்பார்கள்.

எவ்வளவு கேட்பது? கணக்குக்காக ஒரு தொகை வைத்துக்கொள்வோம். எகானமி ஒருவழி 250 வெள்ளி, அதே பிளைட்டில் நேரடி பிசினஸ் 900. வித்தியாசம் 650. என் கணக்கில் ஏலத்தின் உச்சி அதில் பாதி, அதாவது 325. அதற்கு மேல் போனால் நேரடி பிசினஸ் டிக்கெட்டே மேல். ஏனென்றால் அதில் சீட் இன்றே உறுதி, பெட்டி எடை உறுதி, சைவச் சாப்பாட்டை இன்றே சொல்லிவைக்கலாம், தேதி மாற்றும் விதியும் தளர்வு. ஏலத்தில் ஏறினால் முன்னால் உட்காருவீர்கள், ஆனால் டிக்கெட் விதி பழைய எகானமி விதியாகவே இருக்கும், எண்ரிச் (நிறுவனத்தின் பயணிச் சலுகைத் திட்டம்) புள்ளியும் அந்தக் கணக்கில்தான். இன்னொன்று, மலிவு விற்பனை வரும் வாரங்களில் நேரடி பிசினஸ் விலையையும் பாருங்கள். லீவு கால எகானமியும் ஏலத்தொகையும் சேர்ந்தால் அதையே தாண்டும் நாட்கள் உண்டு.

ஏலத்தில் தடுக்கி விழும் இடங்கள்:

பெயர். நம் ஆட்களுக்கு வரும் தலைவலி இது. ஐசியில் (அடையாள அட்டை) 'ஏ/எல்' (இன்னாரின் மகன்), 'ஏ/பி' (இன்னாரின் மகள்) என்று இருக்கும், விமான நிறுவனக் கணினி அந்தச் சாய்கோட்டை ஏற்காது. ஏஜெண்ட் ஒருவர் 'ஏஎல்' என்று சேர்த்துப் போடுவார், இன்னொருவர் விட்டுவிடுவார், மூன்றாமவர் அப்பா பெயரோடு ஒட்டிவிடுவார். ஏலப் பக்கம் 'முன்பதிவு கிடைக்கவில்லை' என்று சொன்னால் பத்தில் எட்டுத் தடவை காரணம் இதுதான். டிக்கெட் ரசீதில் குடும்பப் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, இடைவெளி இல்லாமல், தட்டிப் பாருங்கள்.

ஈமெயில். டவுனில் உள்ள டிராவல் ஏஜெண்டிடம் வாங்கினால் முன்பதிவில் அவர் ஈமெயில்தான் இருக்கும். ஏல அழைப்பும், முடிவும், நேர மாற்றமும் அவருக்கே போகும். உங்கள் ஈமெயிலும் கைப்பேசி எண்ணும் உள்ளே போயிருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். குழுப் பயண டிக்கெட்டாக வாங்கினால் ஏலமே கிடையாது.

சீட்டுக் காசு. எகானமியில் முன்கூட்டியே காசு கொடுத்துத் தேர்ந்தெடுத்த சீட், ஏலம் விழுந்தால் வீண். அந்தப் பணம் திரும்பாது. பெரியவர்கள் முன்பதிவில் சீட்டுக்குக் காசு கட்ட வேண்டாம்.

பெட்டி. கைப்பையில் எகானமிக்கு ஒன்று 7 கிலோ, பிசினஸுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 7 கிலோ. கீழே போடும் பெட்டியின் எடை ஏலத்தோடு ஏறுமா என்பதை ஏலப் பக்கத்தின் அடியில் உள்ள நிபந்தனையில் படித்துவிட்டு அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் வாக்குவாதம் வந்தால் அதுதான் பேசும். லங்காவி போனால் இது இன்னும் முக்கியம். போகும்போது இரண்டு துணிப்பை, வரும்போது சாக்லேட்டும் பிங்கான் தட்டும் சட்டியும் என்று எடை மூன்று மடங்காகும்.

விமானம் மாறுவது. கடைசி நேரத்தில் பிசினஸ் சீட் குறைந்த விமானம் வந்து உங்களை எகானமிக்கு இறக்கினால் ஏலத்தொகை முழுதாகத் திரும்ப வேண்டும். போர்டிங் பாஸ் இரண்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

தாமதத்துக்கு மலேசிய விமானப் பயணப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பில் தெளிவாக இருக்கிறது. இரண்டு மணி நேரம் தாண்டினால் சாப்பாடு, ஐந்து மணி நேரம் தாண்டினால் பயணத்தை விட்டுவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்தப் பணத் திருப்பம் 2024 செப்டம்பரில் சேர்த்தது. முன்னால் சீட், பின்னால் சீட் என்ற வேறுபாடு இதில் இல்லை.

ஏலம் விழாவிட்டாலும் கதை முடியவில்லை. அன்றைக்கு செக்-இன் கவுண்டரில் 'இன்றைக்கு அப்கிரேட் விற்கிறீர்களா' என்று கேளுங்கள். காலி இருந்தால் ஒரே விலை சொல்வார்கள், பேரம் கிடையாது.

பால்மரம்77

நன்றி அண்ணே, இவ்வளவு விவரமா எதிர்பார்க்கல. கினபாலுவே போகலாம்னு வீட்ல பேசிட்டோம். அப்பா அம்மாவுக்கு மட்டும் தனி முன்பதிவு போடுறேன். ரெண்டு பேரும் தனியா முன்னால உட்கார்ந்தா சமாளிப்பாங்களா? எந்த சீட் எடுக்கணும்? வீல்சேர் கேட்டா காசு பிடிப்பாங்களா?

ஜன்னலோரம்

சமாளிப்பார்கள், ஆனால் நாலு விஷயத்தை வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் திரை உண்டு. அதைத் தாண்டி நீங்களோ பையனோ அடிக்கடி போய்வர விடமாட்டார்கள். மருந்து, கண்ணாடி, ஐசி எல்லாம் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.

737இல் பிசினஸ் இரண்டு இரண்டாக, நடுவில் நடைவழி. எகானமி சீட்டின் அகலம் 17 அங்குலம், இது 20க்கு மேல். சாயும், ஆனால் படுக்கையாக விரியாது. விளம்பரத்தில் காட்டும் படுக்கைச் சீட்டெல்லாம் ஏ330, ஏ350 மாதிரிப் பெரிய விமானத்தில். அவற்றைக் கினபாலுவுக்கு எப்போதாவது விடுவதுண்டு, அதை நம்பிக் காசு கட்ட முடியாது.

முட்டி வலிக்கு: எந்தக் கால் வலிக்கிறதோ அந்தக் கால் நடைவழிப் பக்கம் வரும்படி உட்கார வேண்டும். அப்போதுதான் அவ்வப்போது காலை நீட்ட முடியும். வலது முட்டி என்றால் இடப்பக்க ஜோடியில் நடைவழிச் சீட். இடது முட்டி என்றால் வலப்பக்க ஜோடி. அம்மாவுக்கு ஜன்னல். வலப்பக்கம் அமைந்தால் அதிர்ஷ்டம், ஏனென்றால் கினபாலுவில் தெற்கிலிருந்து இறங்கும் விமானத்துக்கு மலை வலப்பக்கம் தெரியும். 4,095 மீட்டர் மலை அது. காலையில் தலை தெரியும், மத்தியானத்துக்கு மேல் பெரும்பாலும் மேகம் மூடிவிடும்.

முதல் வரிசை வேண்டாம். எல்லாரும் அதற்குத்தான் ஓடுவார்கள். முன்னால் சுவர் என்பதால் பையைக் கீழே வைக்க முடியாது. ஏறும்போதும் இறங்கும்போதும் கைப்பை, ஊன்றுகோல் எல்லாம் மேல் பெட்டிக்குப் போய்விடும், மருந்துப் பையும்தான். இரண்டாவது வரிசை நல்லது.

சாப்பாட்டுப் பலகை எகானமி மாதிரி முன்சீட்டின் முதுகில் இருக்கும் என்று தேடுவார்கள். முதல் வரிசையில் நிச்சயமாக, மற்றதிலும் பெரும்பாலும், அது கைப்பிடிக்குள் இருக்கிறது. மூடியைத் திறந்து, உள்ளே செங்குத்தாக நிற்கும் பலகையை மேலே இழுத்து, மடிப்பக்கம் சாய்த்து, இரண்டாக மடிந்திருப்பதை விரிக்க வேண்டும். மடக்கும்போது விரல் மாட்டும் இடம் அந்தக் கீல்தான். பலகை உள்ளே இருப்பதால் கைப்பிடி மேலே தூக்க வராது. சாய்வுப் பொத்தானும் அதே கைப்பிடியில். இறங்கும் முன் 'சீட்டை நிமிர்த்துங்கள்' என்பார்கள், பொத்தானை அழுத்திக்கொண்டே முதுகை முன்னால் கொண்டுவந்தால் தானே நிமிரும்.

கழிவறை முன்னால் ஒன்றுதான், விமானி அறைப் பக்கம். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை நகர்த்தினால்தான் விளக்கு முழுதாக எரியும். இது தெரியாமல் இருட்டில் தடவுகிற பெரியவர்கள் அதிகம். உறிஞ்சும் சத்தம் துப்பாக்கி மாதிரி கேட்கும், அதையும் சொல்லிவையுங்கள். ஏறுவதற்கு முன் டெர்மினலிலேயே போய்வந்துவிட்டால் பாதிக் கவலை இல்லை.

காது அடைப்பு ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலிக்கும். தரையிறங்க அரைமணி இருக்கும்போதே எச்சில் விழுங்கத் தொடங்க வேண்டும், வலி வந்த பிறகு விழுங்கினால் பலன் குறைவு. 'அசாம் பொய்' என்ற புளிப்பு உலர்பழம் நாலைந்தைச் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள். சளி பிடித்திருந்தால் முன்கூட்டியே டாக்டரைப் பாருங்கள்.

வீல்சேருக்கு மலேசியா ஏர்லைன்ஸில் தனிக் காசு இல்லை, ஆனால் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பு கால் சென்டரில் பதிய வேண்டும். 'வீல்சேர் வேண்டும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'தூரம் நடக்க முடியாது, படியும் ஏற முடியாது, சீட்டு வரை நாலு அடி நடப்பார்' என்று சொல்லுங்கள். இதற்குத் தனித்தனிக் குறியீடு உண்டு. படி ஏற முடியாது என்று பதியாவிட்டால், விமானம் பாலத்தில் நிற்காமல் தூரத்தில் நின்று பஸ்ஸில் கூட்டிப்போகும் நாளில், படிக்கட்டுக்கு முன்னால் வீல்சேரோடு நிற்க வேண்டிவரும். பதிந்திருந்தால் தூக்கி வண்டி வரும்.

இதில் யாரும் சொல்லாத ஒன்று. வீல்சேர்க்காரர்கள் முதலில் ஏறுவார்கள், ஆனால் கடைசியில்தான் இறங்குவார்கள். 'முன்சீட், முதலில் இறங்கலாம்' என்ற லாபம் அப்பாவுக்குப் போய்விடும். கோபப்பட வேண்டாம், கினபாலுவில் இறங்கியதும் வரும் இமிகிரேசன் வரிசையில் (சபாவில் உள்நாட்டுக்காரருக்கும் உண்டு) வீல்சேரைத் தள்ளுபவர் தனி வழியில் கூட்டிப்போவது வழக்கம், விட்டதை அங்கே பிடிக்கலாம். அம்மா அவரோடு காத்திருக்கட்டும்.

கேஎல்ஐஏ டெர்மினல் 1இல் உள்நாட்டுக் கேட் எல்லாம் பிரதானக் கட்டடத்திலேயே இருக்கிறது, துணைக் கட்டடத்துக்குப் போகும் ஏரோட்ரெயின் ஏற வேண்டாம். பிசினஸ் பயணிகளுக்கான கோல்டன் லவுஞ்சும் உள்நாட்டுப் பக்கத்தில் தனியாக உண்டு. என்னைக் கேட்டால் குறுகிய பறப்பில் பிசினஸ் காசில் பாதி இந்த லவுஞ்சுக்குத்தான். மெத்தை நாற்காலி, சாப்பாடு, சுத்தமான கழிவறை. ஒன்றரை மணி முன்பே போய் உட்காருங்கள். ஆனால் லவுஞ்ச் பெரியவர்கள் இருவருக்கு மட்டும்தான், நீங்கள் மூவரும் வெளியே. அதனால் யார் எங்கே எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று பேசிவையுங்கள்.

மச்சான்_சொன்னது_சரி

ஏர் ஏசியா பற்றிச் சுருக்கமாக. உள்நாட்டு ஏ320இல் பிசினஸ் என்று ஒன்று இல்லை. ஹாட் சீட் என்பது அதே அகலச் சீட், முன் சில வரிசையும் அவசர வழி வரிசையும். முதல் வரிசையிலும் அவசர வழியிலும் கால் நீட்ட இடம் உண்டு, 2 முதல் 5 வரை அது இல்லை, சீக்கிரம் இறங்கலாம் என்பது மட்டுமே. அப்பாவுக்கு அவசர வழி கிடைக்காது, கதவைத் திறக்க உடல் பலம் உள்ளவருக்குத்தான் தருவார்கள், பையனுக்கும் கிடையாது. முதல் வரிசையை வாங்குங்கள். கைப்பை இரண்டு கொண்டுபோகலாம், சேர்த்து 7 கிலோ. டெர்மினல் 2, மறந்து 1க்குப் போய்விடாதீர்கள். ஒரு மணி நேரப் பறப்புக்கு இதுவே தாராளம் என்பது என் கட்சி. கினபாலு என்றால் வாதாட மாட்டேன்.

பாத்திக் ஏர் 737இலும் முன்னால் 12 பிசினஸ் சீட் உண்டு, டெர்மினல் 1தான். விலையை அங்கேயும் ஒரு தடவை பாருங்கள்.

கம்பத்துக்காரி

சாப்பாடு: பிசினஸோ எகானமியோ, சைவம் தானாக வராது. முன்பதிவுக்குள் போய் 'இந்து சைவ உணவு' என்று 24 மணி நேரத்துக்கு முன்பாவது பதிய வேண்டும். 'இந்து உணவு' என்று இன்னொன்று இருக்கும், அதை அழுத்திவிடாதீர்கள். அது மாட்டிறைச்சி இல்லாத அசைவம், கோழியோ மீனோ வரும். புரட்டாசியில் இந்தத் தவறு நிறைய நடக்கிறது. ஏலம் விழுந்து சீட் மாறினால் உணவுக் குறிப்பு சில நேரம் பின்னாலேயே தங்கிவிடும். முடிவு ஈமெயில் வந்ததும் ஒரு போன் போட்டு 'சைவ உணவு முன்சீட்டுக்கு மாறிவிட்டதா' என்று கேளுங்கள். எதற்கும் பையில் நாலு இட்லிப்பொடி தடவிய இட்லி இருக்கட்டும், உள்நாட்டுப் பறப்பில் தடை இல்லை. மலேசியா ஏர்லைன்ஸ் மூன்று மணிக்குக் குறைந்த பறப்பில் 2016 முதல் மது தருவதில்லை, அப்பா அதை எதிர்பார்த்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

பவர் பேங்க்: கீழே போடும் பெட்டியில் வைக்கக் கூடாது. கையோடு கொண்டுபோகலாம், ஆனால் 2025 ஏப்ரலிலிருந்து விமானத்துக்குள் அதில் சார்ஜ் ஏற்ற விடுவதில்லை. 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணி, 100க்குள் வருகிறது, சரி. எண் அழிந்துபோன பழைய பவர் பேங்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இப்போது முக்கியமானது. சபா, சரவாக் உள்நாடுதான், ஆனால் இமிகிரேசன் உண்டு. பெரியவர்களுக்கு அசல் மைகார்ட் (ஐசி), பையனுக்கு அசல் பிறப்புப் பத்திரமும் மைகிட்டும் (குழந்தைகள் அடையாள அட்டை). நகலும் கைப்பேசிப் படமும் செல்லாது. உள்ளே விடும்போது ஒரு சிறு சீட்டு அச்சடித்துத் தருவார்கள், திரும்பி வரும்போது கேட்பார்கள். அதை போர்டிங் பாஸ் துண்டோடு சேர்த்துக் குப்பையில் போடுகிறவர்கள் நிறைய. ஐசி உறைக்குள் செருகிவிடுங்கள்.

இது குடிமக்களின் நீல ஐசிக்கு. வீட்டில் யாருக்காவது நிரந்தர வசிப்பாளரின் சிவப்பு ஐசி இருந்தால் கதை வேறு. டிக்கெட் வாங்கும் முன் சொல்லுங்கள்.

பால்மரம்77

அக்கா, நல்ல வேளை கேட்டீங்க. அம்மாவுக்கு சிவப்பு ஐசிதான். இந்திய பாஸ்போர்ட் ஒன்னு இருக்கு, ரெண்டு வருசம் முன்னாடி புதுப்பிச்சது. இப்ப என்ன பண்றது?

கம்பத்துக்காரி

பாஸ்போர்ட் உயிரோடு இருந்தால் பாதி வேலை முடிந்தது. சிவப்பு ஐசியை மட்டும் நீட்டினால் கினபாலுவில் நுழைய முடியாது, பாஸ்போர்ட்டும் வேண்டும். காலாவதித் தேதியைப் பாருங்கள், பயணத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் நல்லது. பிறகு ஈப்போ இமிகிரேசனில் ஐசி, பாஸ்போர்ட், நிரந்தர வசிப்பு முத்திரைப் பக்கம் மூன்றையும் காட்டி, சபாவுக்கு வேறு ஏதும் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வாருங்கள். அதற்கு முன்னால் டிக்கெட் வாங்காதீர்கள். ஏலத்துக்கு எடுக்கும் மலிவு எகானமி டிக்கெட்டில் பணம் திரும்பாது, கவுண்டரில் திருப்பி அனுப்பினால் மொத்தமும் போய்விடும்.

டிக்கெட்மேசை

கூடவே ஒன்று. அம்மாவின் டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். தோட்டத்தில் அந்தக் காலத்துக் கிராணி (எழுத்தர்) எழுதிய பதிவில் 'லெட்சுமி' என்று இருக்கும், தூதரகம் கொடுத்த பாஸ்போர்ட்டில் 'லக்ஷ்மி' என்று இருக்கும், ஒன்றில் அப்பா பெயர், இன்னொன்றில் கணவர் பெயர். செக்-இன்னில் ஐசியைக் காட்டி, இமிகிரேசனில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் இரண்டு இடத்திலும் கேள்வி வரும். இரண்டிலும் பாஸ்போர்ட்டையே காட்டுங்கள், சிவப்பு ஐசி துணைக்கு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் இணையத்தில் வாங்காமல் கால் சென்டரில் வாங்குங்கள். இணையத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்பதால் முழுப் பெயரையும் இரண்டு தடவை அடித்துவிடுவார்கள், பிறகு ஏலப் பக்கத்தில் அதே பெயரை இரண்டு தடவை அடித்தால்தான் கதவு திறக்கும்.